ஜெர்மனியில் எம்.எஸ். படிக்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பி.இ. மூன்றாம் ஆண்டு, இறுதியாண்டு மாணவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. தமிழ்நாட்டுக் கல்லூரியிலிருந்து ஜெர்மனிக்கு முதுகலை படிக்கப் போகிறவர்களை மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள்கூட எதை முதலில் செய்வது என்று தெரியாமல் ஒரு வருடத்தை இழந்துவிடுகிறார்கள். அது நடக்கவே கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இங்கே உள்ள தொகைகள் அவ்வப்போது மாறும். பணம் கட்டும் முன் ஜெர்மன் தூதரகத்தின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்கிறார்களே, நிஜமா?

பாதி நிஜம். பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகங்கள் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. அரையாண்டுக்கு ஒருமுறை செமஸ்டர் பங்களிப்பு என்று 100 முதல் 350 யூரோ வரை கட்டவேண்டும். பல ஊர்களில் பஸ், ரயில் பாஸும் அதிலேயே அடங்கிவிடும்.

விதிவிலக்குகளைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூஹே, ஹைடல்பெர்க், ஃப்ரைபுர்க் எல்லாம் பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் வருகின்றன. அந்த மாநிலம் 2017 குளிர்காலப் பருவத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. இரண்டு வருடத்துக்கு 6,000 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், அதாவது டியூஎம், 2024-25 குளிர்காலப் பருவத்திலிருந்து முதுகலைப் படிப்புகளுக்குச் செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ என்று நிர்ணயித்திருக்கிறது. டியூஎம் இலவசம் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும் பழைய வீடியோக்களை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

தனியார் பல்கலைக்கழகங்கள் வேறு கணக்கு. அவற்றின் கட்டணம் பல ஆயிரம் யூரோவுக்குப் போகும். ஒரு பல்கலைக்கழகம் அரசுடையதா தனியாருடையதா என்று சந்தேகம் வந்தால் ஹோக்‌ஷூல்கொம்பாஸ் என்ற இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பாருங்கள். யார் நடத்துவது என்று அதில் இருக்கும். ஐந்து நிமிட வேலைதான்.

அப்படியென்றால் மொத்தம் எவ்வளவு பணம் தயாராக இருக்கவேண்டும்?

பெரிய தொகை பிளாக்டு அக்கவுண்டுக்குப் போகிறது. ஒரு வருடச் சாப்பாடு, வாடகைக்கு உங்களிடம் பணம் இருக்கிறது என்று காட்ட, விசாவுக்கு முன்பே 11,904 யூரோவை அதில் போடவேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து இந்தத் தொகைதான். அங்கே போனபிறகு மாதம் 992 யூரோவாக உங்களுக்கே திரும்பி வரும். இது யாருக்கும் கட்டும் கட்டணம் அல்ல, உங்கள் பணம்தான். ஆனால் முழுத்தொகையையும் ஒரே நேரத்தில் புரட்டவேண்டும் என்பதுதான் குடும்பங்களுக்குக் கஷ்டம்.

யூரோ நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அது மட்டும் 11,90,400 ரூபாய். அதற்கு மேல், உங்கள் படிப்புச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழுக்கு 18,000 ரூபாய், ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு, விசாவுக்கு 75 யூரோ, விமான டிக்கெட், வீட்டு அட்வான்ஸ். பல பல்கலைக்கழகங்களுக்காக விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் அமைப்பின் வழியாக விண்ணப்பித்தால் முதல் படிப்புக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. ஐந்து படிப்புகளுக்கு 195 யூரோ ஆகிவிடும். எல்லாம் சேர்த்து 14, 15 லட்சம் இல்லாமல் முதல் வருடத்தைத் தொடங்கமுடியாது.

இரண்டாம் வருடத்தைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கும்போது செலவுக்குப் பணம் இருக்கிறதா என்று மறுபடியும் கேட்பார்கள். "அங்க போய் பார்ட் டைம் பாத்துக்கலாம்" என்பதைத் திட்டமாக வைக்கவேண்டாம். பார்ட் டைம் கிடைக்காவிட்டால் என்ன செய்வோம் என்ற கேள்விக்கு வீட்டில் உட்கார்ந்து ஒரு பதில் கண்டுபிடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

கல்விக் கடன் வாங்கப் போகிறோம். எதையெல்லாம் கவனிக்கவேண்டும்?

வங்கிகளின் பொதுவான கல்விக் கடன் திட்டத்தில் 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்பதில்லை. 4 லட்சத்தைத் தாண்டினால் ஜாமீன்தாரர் வேண்டும். ஜெர்மனிக்கு 7.5 லட்சம் போதாது என்பதால் வீட்டுப் பத்திரம் பேச்சுக்கு வரும்.

தாமதம் முழுக்க இங்கேதான். வங்கி வக்கீல் தாய்ப்பத்திரம் கேட்பார், முப்பது வருட வில்லங்கச் சான்றிதழ் கேட்பார். ஆன்லைனில் கிடைக்காத பழைய வருடங்களுக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துத்தான் வாங்கவேண்டும். வீடு தாத்தா பெயரிலேயே இருந்தால் வாரிசுச் சான்றிதழ் வேண்டும், சித்தப்பா, அத்தை உட்பட வாரிசுகள் அத்தனை பேரின் கையெழுத்தும் வேண்டும். ஒருவர் திருப்பூரில் இருப்பார், இன்னொருவர் துபாயில் இருப்பார், ஒருவருக்கு மனவருத்தம் இருக்கும். விவசாய நிலத்தைப் பெரும்பாலான வங்கிகள் அடமானமாக ஏற்பதே இல்லை. ஆகவே அட்மிஷன் வரட்டும் என்று காத்திருக்காமல், விண்ணப்பம் போடும் மாதத்திலேயே பத்திரங்களை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய்விடுங்கள்.

மேலாளரிடம் முதல் நாளே கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "பிளாக்டு அக்கவுண்ட் பணத்தை விசாவுக்கு முன்பே விடுவிப்பீர்களா?" விசா வந்தபிறகுதான் பணம் என்று சில கிளைகளில் சொல்வார்கள். பிளாக்டு அக்கவுண்டில் பணம் போடாமல் விசாவுக்கே போகமுடியாது. இதை ஆகஸ்ட் மாதத்தில் கண்டுபிடித்துக் கலங்கி நிற்கும் குடும்பங்கள் உண்டு. கடன் ஒப்புதல் கடிதத்தில் வாழ்க்கைச் செலவு என்று தனியாகக் குறிப்பிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

வட்டியையும் இப்போதே போட்டுப் பார்த்துவிடுங்கள். 15 லட்சத்துக்கு 10 சதவீதம் என்றால் வருடத்துக்கு ஒன்றரை லட்சம், மாதம் 12,500 ரூபாய். படிக்கும் காலத்தில் தவணை கட்டத் தேவையில்லை என்றாலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். வீட்டில் முடிந்தால் அதையாவது மாதாமாதம் கட்டி வருவது நல்லது. பின்னால் தவணை கட்டும்போது, பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு அந்த வட்டிக்கு வருமான வரி விலக்கு கிடைக்கும்.

வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது வங்கி முன்கூட்டியே பிடிக்கும் டிசிஎஸ் வரி, வங்கிக் கல்விக் கடனிலிருந்து போகும் பணத்துக்கு 2025 ஏப்ரல் முதல் கிடையாது. சொந்தப் பணம் வருடத்துக்கு 10 லட்சத்தைத் தாண்டினால் உண்டு. அதையும் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம்.

ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் கடன் விண்ணப்பத்துக்கு முன், தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தையும் மத்திய அரசின் வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகையையும் கட்டாயம் பாருங்கள். தகுதி இருந்தும் விவரம் தெரியாமல் கடனில் இறங்குகிறவர்களை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

என் சிஜிபிஏ 7.5. இடம் கிடைக்குமா?

ஜெர்மனியில் 1.0 தான் முதலிடம், 4.0 கடைசித் தேர்ச்சி. நம் மதிப்பெண்ணை அவர்கள் முறைக்கு மாற்ற ஒரு சூத்திரம் இருக்கிறது. அதிகபட்சத்திலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழியுங்கள். அதை, அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத் தேர்ச்சிக்கும் உள்ள இடைவெளியால் வகுங்கள். மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள்.

அதிகபட்சம் 10, தேர்ச்சி 5 என்றால் 7.5க்கு 2.5 வரும். பல நல்ல படிப்புகளுக்கு 2.5 தான் எல்லைக்கோடு. இதே 7.5, தேர்ச்சி 4 என்று கணக்கிட்டால் 2.25 ஆகிவிடும். அதனால் உங்கள் மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் குறைந்தபட்சத் தேர்ச்சி என்ன என்று அச்சடித்திருக்கிறது என்பதை இன்றைக்கே பாருங்கள்.

மதிப்பெண்ணைவிடப் பாடப் பொருத்தம்தான் பலரை வெளியே நிறுத்துகிறது. கணிதத்தில் இத்தனை கிரெடிட், புரோகிராமிங்கில் இத்தனை கிரெடிட் என்று கேட்பார்கள். இயந்திரவியல் படித்துவிட்டு டேட்டா சயன்ஸுக்கு விண்ணப்பித்தால் பெரும்பாலும் இங்கேதான் நின்றுபோகும். உங்கள் ரெகுலேஷனுக்குரிய பாடத்திட்டப் பிடிஎஃப்பைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அந்தப் படிப்பின் பாடக் கையேட்டோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

அரியர் வைத்து எழுதியிருக்கிறேன். பரவாயில்லையா?

இப்போது பாஸ் செய்துவிட்டீர்கள் என்றால் விண்ணப்பிக்கலாம். மறைக்கவேண்டாம்.

எப்போது தொடங்கவேண்டும்?

குளிர்காலப் பருவம் அக்டோபரில் தொடங்குகிறது. பொதுவான கடைசித் தேதி ஜூலை 15 என்பார்கள். அதை நம்பி உட்கார்ந்தால் நல்ல படிப்புகள் கை நழுவிவிடும். ஆகன் நகரின் ஆர்டபிள்யூடிஎச் பல்கலைக்கழகம் நம்மைப் போன்றவர்களுக்கு மார்ச் 1 அன்றே கதவை மூடிவிடுகிறது. டியூஎம் மே 31. டாட் (DAAD) என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் இணையதளத்தில் ஆங்கிலவழிப் படிப்புகளின் பட்டியல் இருக்கிறது. அதில் பத்துப் படிப்புகளை எடுத்து, கடைசித் தேதிகளை ஒரு தாளில் எழுதி சுவரில் ஒட்டுங்கள்.

அக்டோபரில் சேரவேண்டும் என்றால் முந்தைய வருடம் ஆகஸ்டில் பாஸ்போர்ட்டும் ஐஇஎல்டிஎஸ்ஸும் முடிந்திருக்கவேண்டும், நவம்பருக்குள் ஏபிஎஸ் போயிருக்கவேண்டும். சில படிப்புகளுக்கு ஜிஆர்இ என்ற தகுதித் தேர்வின் மதிப்பெண்ணும் கேட்பார்கள்.

ஏபிஎஸ் என்றால் என்ன?

உங்கள் சான்றிதழ்கள் உண்மையானவை என்று டெல்லியில் உள்ள ஜெர்மன் மதிப்பீட்டு மையம் பார்த்துத் தரும் சான்று. 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்கு விசாவுக்கு இது கட்டாயம். இறுதியாண்டு படிக்கும்போதே விண்ணப்பிக்கலாம். கூட்டம் சேரும் மாதங்களில் தாமதமாகும் என்பதால் இதுதான் வரிசையில் முதலில் வரவேண்டிய வேலை.

மதிப்பெண் பட்டியலில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர். சிக்கல் வருமா?

வரும். நம் ஊர்க்காரர்களுக்கென்றே உள்ள சிக்கல் இது. பட்டியலில் "செல்வகுமார் எம்" என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் "செல்வகுமார் முருகன்" என்று இரண்டும் சேர்ந்து முதற்பெயர்க் கட்டத்தில் இருக்கும், குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். ஜெர்மனியில் எல்லாப் படிவத்திலும் குடும்பப் பெயர் கட்டாயம். ஒருவர் அந்தக் கட்டத்தில் புள்ளி வைப்பார், இன்னொருவர் முதற்பெயரையே திரும்பப் போடுவார். கடைசியில் பல்கலைக்கழகத்தில் ஒரு பெயர், வங்கியில் ஒரு பெயர், காப்பீட்டு அட்டையில் ஒரு பெயர் என்று ஆகி, ஒவ்வொரு இடத்திலும் விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும்.

நேரம் இருந்தால், முதல் விண்ணப்பத்துக்கு முன்பே பாஸ்போர்ட்டை மறுவெளியீட்டுக்குக் கொடுத்து அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்துக்கு மாற்றிவிடுங்கள். ஏபிஎஸ்ஸுக்குப் பிறகு மாற்றினால் எல்லாவற்றையும் திருத்தவேண்டி வரும். பட்டியலில் உள்ளவரும் பாஸ்போர்ட்டில் உள்ளவரும் ஒருவரே என்று நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரம் ஒன்றும் கையில் இருக்கட்டும்.

கன்சல்டன்சி மூலம் போகலாமா?

அரசுப் பல்கலைக்கழகங்கள் யாருக்கும் கமிஷன் கொடுப்பதில்லை. தனியார் பல்கலைக்கழகங்கள் பலவும் கொடுக்கின்றன. இதை மனதில் வைத்துக்கொண்டு, உங்கள் முன்னால் நீட்டப்படும் பட்டியலில் எத்தனை அரசுப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

என் கருத்து, நீங்களே செய்யுங்கள். யூனி-அசிஸ்ட், ஏபிஎஸ், விசா எல்லாமே ஆன்லைன் படிவங்கள்தான். நான்கு வருடம் பொறியியல் படித்தவருக்கு இவை கடினமே இல்லை. நோக்கக் கடிதத்தை மட்டும் யாரிடமும் காசு கொடுத்து எழுதி வாங்காதீர்கள். விசா நேர்காணலில் அதை வைத்துத்தான் கேள்வி கேட்பார்கள்.

படிப்பு ஆங்கிலத்தில்தானே, ஜெர்மன் எதற்கு?

வகுப்புக்கு வேண்டாம், வாழ்வதற்கும் வேலைக்கும் வேண்டும். வீட்டு ஒப்பந்தம், காப்பீட்டுக் கடிதம், டாக்டர் ரிசப்ஷன் எல்லாம் ஜெர்மனில்தான். படிப்பு முடித்தும் வேலை கிடைக்காமல் தவிக்கிறவர்களில் பலருக்குத் தடையாக இருப்பது மொழிதான். ஜெர்மன் மொழிப் படிப்பு ஏ1, ஏ2, பி1 என்று படிப்படியாக ஏறும். கிளம்பும் முன் ஏ2 ஆவது முடித்துவிடுங்கள், பி1 வரை போனால் மிக நல்லது. சென்னையில் நுங்கம்பாக்கத்தில் மாக்ஸ் முல்லர் பவன் இருக்கிறது, கோவையில் கோதே சென்ட்ரம் இருக்கிறது. மூன்றாம் ஆண்டிலேயே தொடங்கினால் அவசரமில்லாமல் படிக்கலாம்.

தங்க இடம் எப்படிப் பிடிப்பது?

அட்மிஷன் கடிதம் வந்த அன்றே அந்த ஊர் ஸ்டூடியரெண்டன்வெர்க் விடுதிக்கு விண்ணப்பியுங்கள். மாணவர் நல அமைப்பு நடத்தும் விடுதி அது. அறை வாடகை பல ஊர்களில் 250 முதல் 400 யூரோவுக்குள் இருக்கும், ஆனால் காத்திருப்போர் பட்டியல் நீளம். கிடைக்காதவர்கள் நாலைந்து பேர் வீடு பகிரும் வேகே அறைகளைத் தேடவேண்டும். மியூனிக்கில் 992 யூரோவுக்குள் மாதத்தை ஓட்டுவது மிகவும் கஷ்டம். கெம்னிட்ஸ், இல்மெனாவ், மாக்டெபுர்க் போன்ற ஊர்களில் அதே பணத்தில் நிம்மதியாக இருக்கலாம். ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது இதையும் பாருங்கள்.

விளம்பரத்தில் கால்ட்மீட்டே என்றால் வெறும் வாடகை, வார்ம்மீட்டே என்றால் ஹீட்டர், தண்ணீர் சேர்த்து. அட்வான்ஸ் அதிகபட்சம் மூன்று மாதக் கால்ட்மீட்டேதான், சட்டப்படி அதற்கு மேல் கேட்கக்கூடாது. "நான் இப்போது லண்டனில் இருக்கிறேன், பணம் அனுப்புங்கள், சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்று எழுதுகிறவர் மோசடிக்காரர். வீட்டை நீங்களோ தெரிந்தவரோ நேரில் பார்க்காமல் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள்.

போய் இறங்கியதும் முதலில் என்ன செய்வது?

குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதியவேண்டும். அன்மெல்டுங் என்பார்கள். வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட கடிதம் இல்லாமல் பதியமாட்டார்கள், அதனால் அந்தக் கடிதம் தருவாரா என்று வீடு பேசும்போதே கேளுங்கள். இது முடிந்தால்தான் மற்றவை நகரும். பிறகு மருத்துவக் காப்பீடு. முப்பது வயதுக்குட்பட்ட மாணவர்களுக்கு அரசுக் காப்பீடு மாதம் சுமார் 140, 150 யூரோ ஆகும். வானொலி, தொலைக்காட்சிக் கட்டணமாக ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ கேட்டுத் தபால் வரும். குப்பையில் போட்டுவிடாதீர்கள், கூடத் தங்கியிருப்பவர்களோடு பங்கிட்டுக் கட்டலாம்.

விசா சில மாதங்களுக்குத்தான் இருக்கும். அது முடிவதற்குள் வெளிநாட்டவர் அலுவலகத்தில் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பித்திருக்கவேண்டும். அப்பாயிண்ட்மெண்ட் கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகும் ஊர்கள் உண்டு. போன முதல் வாரத்திலேயே விண்ணப்பித்து, விண்ணப்பித்ததற்கான ஆதாரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

பார்ட் டைம் வேலை செய்து கடனை அடைக்கலாமா?

கடனை அடைக்கமுடியாது, மாதச் செலவில் ஒரு பகுதியைச் சமாளிக்கலாம். 2024 மார்ச்சிலிருந்து வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். 2026இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. பல்கலைக்கழகத்துக்குள்ளேயே கிடைக்கும் ஹீவி, அதாவது மாணவர் உதவியாளர் வேலை சிறந்தது. பேராசிரியரோடு பழக்கமாகும், அந்த நாட்கள் 140இல் சேராது. ஃப்ரீலான்ஸ் வேலை, சொந்தத் தொழில் எல்லாம் மாணவர் அனுமதியில் தனி ஒப்புதல் இல்லாமல் கூடாது.

தேர்வு கடினமா?

நம் ஊர் மாதிரி அரியரை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதமுடியாது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்துக்கு மூன்று வாய்ப்புதான். மூன்றாவதிலும் போனால் படிப்பிலிருந்தே நீக்கிவிடுவார்கள், அதே படிப்பை ஜெர்மனியில் வேறெங்கும் தொடரமுடியாது. தேர்வுக்கு நீங்களேதான் பதிவு செய்யவேண்டும். தயாராக இல்லை என்றால் கடைசித் தேதிக்குள் விலகிக்கொள்ளலாம். வேலை நேரத்தைக் கூட்டிக்கொண்டு தேர்வைக் கோட்டைவிடுவது ஆபத்து என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

சாப்பாட்டுக்கு என்ன கொண்டுபோகலாம்?

சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, பருப்புப் பொடி, புளி கொண்டுபோகலாம். நெய், பால்கோவா போன்ற பால் பொருட்களும் இறைச்சியும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து எடுத்துப்போகத் தடை. பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் அனுமதி இல்லை. குக்கர் எடுத்துப்போவதானால் அடிப்பக்கம் தட்டையாக, இண்டக்‌ஷனுக்கும் ஆகிறதாகப் பாருங்கள்.

இலங்கைத் தமிழர்கள் நடத்தும் கடைகள் பல நகரங்களில் இருக்கின்றன. அரிசி மாவிலிருந்து முருங்கைக்காய் வரை கிடைக்கும். ஹாம் நகரில் அவர்கள் கட்டியெழுப்பிய ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில் 2002இல் குடமுழுக்கு கண்டது. தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் தமிழர்கள் வருகிறார்கள். அந்தப் பக்கம் படிக்கிறவர்கள் ஒருமுறையாவது போய்வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும் என்பதால் சனிக்கிழமையே வாங்கிவிடவேண்டும்.

பெண் பிள்ளையைத் தனியாக அனுப்ப பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

விடுதியில் ஒரே தளத்தில் ஆண்களும் பெண்களும் இருப்பார்கள், சமையலறை பொதுவாக இருக்கும். இதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது. தனிக் குளியலறையோடு அறை வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே கேட்கலாம், வாடகை கொஞ்சம் கூடும். அவசரத்துக்குக் காவல்துறை 110, ஆம்புலன்ஸ் 112.

மகளோ மகனோ, பெற்றவர்கள் அதிகம் கவனிக்கவேண்டியது முதல் குளிர்காலத்தை. டிசம்பரில் மாலை நான்கரைக்குள் இருட்டிவிடும். வெளியே போகாமல், யாரோடும் பேசாமல் முடங்கும் பிள்ளைகள் உண்டு. போனில் "நல்லா இருக்கேன்" என்பதோடு விட்டுவிடாமல் என்ன சமைத்தாய், யாரோடு சாப்பிட்டாய் என்று கேளுங்கள். மாணவர் நல அமைப்பில் மனநல ஆலோசனை இருக்கிறது, பெரும்பாலும் கட்டணம் இல்லை. அங்கே போவதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

படித்து முடித்ததும் திரும்பி வரவேண்டுமா?

படிப்புக்கேற்ற வேலை தேட 18 மாதம் வரை அனுமதி தருகிறார்கள். அந்தக் காலத்தில் எந்த வேலையும் செய்யலாம். தகுதியான வேலையில் இரண்டு வருடம் ஓய்வூதியப் பங்களிப்பு கட்டி, பி1 ஜெர்மனும் இருந்தால் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம்.

விசா மறுத்துவிட்டால்?

முன்பு தூதரகத்துக்கே மறுபரிசீலனைக் கடிதம் எழுத முடிந்தது. 2025 ஜூலை 1 முதல் அந்த வழியை நிறுத்திவிட்டார்கள். இனி புதிதாக விண்ணப்பிக்கவேண்டும், இல்லாவிட்டால் பெர்லின் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். நீதிமன்ற வழி நீளம் என்பதால் பெரும்பாலானவர்களுக்குப் புது விண்ணப்பம்தான் சரி. மறுப்புக் கடிதத்தில் சொல்லியிருக்கும் காரணத்தை ஒவ்வொன்றாகச் சரிசெய்து போடுங்கள். இன்னொரு வேலையும் இருக்கிறது: மறுப்பு வந்த அன்றே பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, சேர்க்கையை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று கேளுங்கள். சில இடங்களில் சம்மதிப்பார்கள், சில இடங்களில் மறுபடி விண்ணப்பிக்கச் சொல்வார்கள். பிளாக்டு அக்கவுண்ட் பணம், மறுப்புக் கடிதத்தைக் காட்டினால் திரும்பக் கிடைக்கும்.